பழைய இல்லத் தானியக்க அமைப்பை விரிவாக்குதல்: நெறிமுறைத் தெரிவு

வீட்டிலுள்ள விளக்குகளையும் மின்கருவிகளையும் ஓரிடத்திலிருந்து இயக்கும் ஏற்பாடு நம் காலத்துப் புதுமை என்று பலர் கருதுகின்றனர். உண்மையில் அதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு வயதாகிறது. ஸ்காட்லாந்தில் கிளென்ராத்தெஸ் என்னும் ஊரில் இயங்கிய பைகோ எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1975-ஆம் ஆண்டில் எக்ஸ்-10 என்னும் முறையை வகுத்தது. அந்நிறுவனம் மேற்கொண்ட ஆய்வுத் திட்டங்களுள் இது பத்தாவது. பெயரின் காரணம் அவ்வளவே. 1978 முதல் அமெரிக்கக் கடைகளில் இச்சாதனங்கள் விற்பனைக்கு வந்தன. சுவரை உடைக்க வேண்டியதில்லை, புதிய கம்பி இழுக்க வேண்டியதில்லை, விலையும் அதிகமில்லை என்பதால் அந்நாட்டு வீடுகளில் அவை விரைந்து பரவின. 1980-களில் பொருத்தப்பட்டவற்றுள் சில இன்றும் பழுதின்றி உழைத்து வருகின்றன.

இத்தகைய வீடுகளில் வாழ்வோர்க்கு இப்போது ஒரு சிக்கல் எழுகின்றது. அன்று நாற்பது வயதினராயிருந்த உரிமையாளர் இன்று எண்பதைக் கடந்தவர். கட்டிலினின்று எழாமலே வாயில் விளக்கை ஏற்ற வேண்டும். மருத்துவ உதவிக்கு வருபவர்க்குக் கதவைத் திறந்துவிட வேண்டும். இரவில் நடைக்கூடத்தில் காலடி பட்டதும் விளக்கு தானே எரிய வேண்டும். முன்பு வசதியாக இருந்தது இப்போது தேவையாகிவிட்டது. இந்நிலையில் பழைய அமைப்பையே நீட்டிப்பதா, அதனை அகற்றிவிட்டு வேறொன்றைப் பொருத்துவதா, அன்றி இரண்டையும் சேர்த்து நடத்துவதா என்னும் கேள்விக்கு விடை காண, நெறிமுறைகள் வேலை செய்யும் விதத்தைச் சற்று அறிந்திருத்தல் நலம்.

நெறிமுறை என்பது இரு சாதனங்கள் தம்முள் செய்தி பரிமாறிக்கொள்ள வகுத்துக்கொண்ட உடன்பாடு. எந்த ஊடகத்தின் வழியே பேசுவது, எவ்வாறு முகவரி எழுதுவது, சொன்னது சென்று சேர்ந்ததா என்பதை எவ்வாறு அறிவது ஆகியவை எல்லாம் அதனுள் அடங்கும். தபால் நிலையத்தில் சாதாரணக் கடிதத்தைப் பெட்டியில் இடுவதற்கும், ஒப்புகைச் சீட்டுடன் பதிவுத் தபால் அனுப்புவதற்கும் உள்ள வேறுபாட்டை வாசகர்கள் மனத்திற் கொள்ளலாம். எக்ஸ்-10 முதல் வகையைச் சார்ந்தது.

அதன் செயல்முறை மிக எளியது. அந்த எளிமையில் ஓர் அழகும் உண்டு. அமெரிக்க வீடுகளில் மாறுதிசை மின்னோட்டம் நொடிக்கு 60 சுழற்சிகள் உடையது. ஒவ்வொரு சுழற்சியிலும் மின்னழுத்தம் இருமுறை சுழியைக் கடக்கிறது. சுழியைக் கடக்கும் அந்தக் கணத்தில் மின்கம்பி ஓரளவு அமைதியாக இருக்கும். அந்த நேரம் பார்த்து, 120 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுடைய சிறு அலைத்துடிப்பொன்றைச் செலுத்தி, ஒரு மில்லி வினாடியளவு கம்பியில் விட்டுவைப்பதே அனுப்பியின் வேலை. துடிப்பு இருந்தால் 1, இல்லாவிடில் 0. ஐயத்தைத் தவிர்க்கும்பொருட்டு ஒவ்வோர் இலக்கத்தையும் அடுத்து அதன் மாற்று இலக்கமும் அனுப்பப்படும். தொடக்கக் குறிக்கு 4 சுழிக்கடப்புகள், வீட்டுக் குறியெழுத்திற்கு 8, சாதன எண்ணிற்கு 10 என ஒரு செய்திக்கு 22 சுழிக்கடப்புகள், அதாவது 11 முழுச் சுழற்சிகள் தேவை. இச்செய்தி இருமுறை சொல்லப்படும். பின் மூன்று சுழற்சிகள் மௌனம். அதன்பின் 'ஏற்று' அல்லது 'அணை' என்னும் கட்டளை அதே அளவில் இருமுறை செல்லும். கூட்டிப் பார்த்தால் 47 சுழற்சிகள், ஏறத்தாழ 0.8 வினாடி. பொத்தானை அழுத்தியதற்கும் விளக்கு எரிவதற்கும் இடையே தோன்றும் தயக்கத்திற்குக் காரணம் இதுவே. குறியெழுத்துகள் 16, எண்கள் 16. ஆகவே முகவரிகள் மொத்தம் 256.

இம்முறையின் குறைகளும் இந்த எளிமையிலிருந்தே பிறக்கின்றன. அடிப்படைச் சாதனம் கட்டளையைப் பெற்றதாக மறுமொழி கூறுவதில்லை. விளக்கு எரிந்ததா என்பதைக் கண்ணால் கண்டுதான் அறிய வேண்டும். மறையாக்கம் என்பதும் அறவே கிடையாது. ஒரே மின்மாற்றியினின்று மின்சாரம் பெறும் அண்டை வீட்டார் அதே குறியெழுத்தை வைத்திருப்பின், அவர் தம் விளக்கை அணைக்கும்போது நம் விளக்கும் அணையக்கூடும்.

மற்றொரு குறை அமெரிக்க மின்னமைப்பைப் பற்றியது. அங்குத் தெரு மின்மாற்றியின் 240 வோல்ட் சுருள் நடுவில் பிரிக்கப்பட்டு, வீட்டுக்குள் 120 வோல்ட் உடைய இரு பிரிவுகளாக வருகிறது. ஒரு பிரிவில் உள்ள பொத்தான் மறு பிரிவில் உள்ள விளக்குக்குச் சொல்லும் செய்தி, வீட்டைவிட்டு வெளியேறித் தெரு மின்மாற்றி வரை சென்று திரும்ப வேண்டியிருக்கும், வழியில் மெலிந்துபோகும். மின்சார அடுப்பு போன்ற 240 வோல்ட் கருவி ஓடும்போது மட்டும் அதன் வழியே சைகை ஒரு பிரிவிலிருந்து மறு பிரிவுக்குத் தாவும். அடுப்பெரியும் நேரத்தில் மட்டும் மாடி விளக்கு சொன்னபடி கேட்கிறதே என்று வியந்தவர்கள் பலர். காரணம் பேயுமன்று, பிசாசுமன்று. இரு பிரிவுகளையும் உயர் அதிர்வெண்ணில் மட்டும் இணைக்கும் இணைப்பான் ஒன்றை மின்பலகையில் பொருத்தினால் இக்குறை நீங்கும்.

காலப்போக்கில் சேர்ந்த குறையே இவற்றினும் கொடிது. 1978-இல் ஒரு வீட்டில் இருந்தவை இழை விளக்குகளும் மோட்டார்களுமே. இன்று கைப்பேசி மின்னேற்றிகள், கணினிகள், தொலைக்காட்சிகள், எல்.இ.டி. விளக்குகள் என எங்கும் மின்னணு மின்வழங்கிகள் நிறைந்துள்ளன. அவற்றுட் சில இரைச்சலை எழுப்பிச் சைகையை மூழ்கடிக்கின்றன. வேறு சில தம் உள்ளிருக்கும் மின்தேக்கிகளால் சைகையை உறிஞ்சிவிடுகின்றன. பகலெல்லாம் ஒழுங்காக இயங்கிய விளக்கு மாலையில் மட்டும் பிணங்குகிறது என்றால், மாலையில் எந்த மின்னேற்றி செருகப்படுகிறது என்று தேடுவதே அறிவுடைமை. குற்றவாளியைக் கண்டபின் அதற்கு முன் ஒரு வடிப்பானைச் செருகினால் போதும். ஆயினும் வீட்டிற்குள் வரும் ஒவ்வொரு புதுக்கருவிக்கும் இவ்வாறு வடிப்பான் தேடிக்கொண்டிருத்தல் யாருக்கும் சலிப்பைத் தரும்.

ஆகவே எக்ஸ்-10 அமைப்பை அதே முறையில் விரிவாக்கலாமா என்ற வினாவிற்கு என் விடை இது: மேசை விளக்கு, தோட்டத்து அலங்கார விளக்கு போன்றவற்றிற்கு உள்ளதை அப்படியே விட்டுவைக்கலாம், கைவசமுள்ள உதிரிச் சாதனங்களைப் பயன்படுத்தலாம். ஆனால் கதவுப் பூட்டு, வெப்பமூட்டி, புகை எச்சரிக்கை, நோயாளியின் அழைப்பு மணி ஆகியவற்றை ஒருபோதும் இதனிடம் ஒப்படைத்தலாகாது. சென்று சேராத செய்தியால் ஒரு விளக்கு எரியாதிருப்பது சிறு தொல்லை. அழைப்பு மணி ஒலிக்காதிருப்பது அவ்வாறன்று. யாரும் அனுப்பாத செய்தியை இரைச்சலின் நடுவே கேட்டதாகக் கொண்டு வெப்பமூட்டி தானே இயங்கத் தொடங்கினால் விளைவு தீயாகவும் இருக்கலாம்.

இனி, மாற்று முறைகளைக் காண்போம்.

எக்ஸ்-10 உடையோர்க்கு இயல்பான வாரிசாகத் தோன்றியது இன்ஸ்டியான். கலிபோர்னியாவைச் சேர்ந்த ஸ்மார்ட்லேப்ஸ் நிறுவனம் 2005-இல் இதனை வெளியிட்டது. மின்கம்பி வழியாகவும் வானொலி அலை வழியாகவும் ஒரே செய்தியை அனுப்பி, ஒவ்வொரு சாதனமும் பிறவற்றின் செய்தியை எடுத்துரைத்து, ஒப்புகையும் தரும் நேர்த்தியான முறை இது. எக்ஸ்-10 கட்டளைகளையும் புரிந்துகொள்ளும்படி முதற்சாதனங்கள் அமைக்கப்பட்டமையால், பழையவற்றை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டு செல்ல முடிந்தது. தொழில்நுட்ப அடிப்படையில் குறை கூற அதிகமில்லை. ஆயினும் 2022 ஏப்ரலில் அந்நிறுவனத்தின் சர்வர்கள் முன்னறிவிப்பின்றி நின்றுபோயின. கைப்பேசிச் செயலி வழியே வீட்டை நடத்தியவர்கள் திகைத்தனர். சுவர்ப் பொத்தான்களும் அவற்றிற்குள் ஏற்கெனவே ஏற்படுத்தியிருந்த இணைப்புகளும் வழக்கம்போல் வேலை செய்தன. தம் வீட்டிலேயே ஒரு கணினியை வைத்து அதன் வழியே அமைப்பை நடத்தியவர்களோ ஏதும் நிகழ்ந்ததாகவே உணரவில்லை. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் பயனாளர் சிலர் கூடி அந்நிறுவனத்தின் உடைமைகளை விலைக்கு வாங்கிச் சேவையை மீட்டனர் என்பது ஆறுதலான செய்தி.

இந்நிகழ்ச்சியைச் சற்று விரித்துக் கூறியதற்குக் காரணம் உண்டு. நெறிமுறையைத் தேர்ந்தெடுக்க முனைவோர் வேகம், தொலைவு, விலை ஆகியவற்றை ஒப்பிட்டுப் பட்டியலிடுகின்றனர். அவற்றைவிட முதன்மையானவை இரண்டு கேள்விகள். இணையம் அறுந்துபோனால் வாயில் விளக்கு எரியுமா? இச்சாதனத்தைச் செய்தவர் தொழிலை விட்டுவிட்டால் வேறொருவரின் சாதனத்தை அதனிடத்தில் வைக்க முடியுமா? இவ்விரண்டிற்கும் 'ஆம்' என்று விடை தராத முறை எவ்வளவு மலிவாயினும், முதியோர் வாழும் வீட்டிற்கு அது ஏற்றதன்று.

வானொலி அலையால் இயங்கும் முறைகளுள் இரண்டு பெயர் பெற்றவை. அவற்றுள் இஸட்-வேவ் டென்மார்க்கில் ஸென்ஸிஸ் நிறுவனத்தால் உருவாக்கப்பட்டது. அமெரிக்காவில் அதன் அதிர்வெண் 908.42 மெகாஹெர்ட்ஸ், ஐரோப்பாவில் 868.42. ஜிக்பீ என்பது ஐ.இ.இ.இ. அமைப்பு 2003-இல் வெளியிட்ட 802.15.4 என்னும் தரத்தின்மீது கட்டப்பட்டது, பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் இயங்குவது. இரண்டும் வலைப்பின்னல் முறைகள். அதாவது, நேரே எட்டாத சாதனத்திற்கு இடையிலுள்ள சாதனங்கள் செய்தியைக் கைமாற்றிக் கொடுக்கும். இரண்டிலும் ஒப்புகை உண்டு, மறையாக்கமும் உண்டு.

அதிர்வெண் வேறுபாடு எதற்கு முக்கியம்? 908 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 33 செ.மீ.; 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12.5 செ.மீ. பொதுவாக, அதிர்வெண் குறைந்த அலை சுவர்களை ஊடுருவும்போது குறைவாகவே மெலியும். அதனினும் பெரிய வேறுபாடு கூட்ட நெரிசல். 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் வைஃபை, புளூடூத், ஏன், சமையலறையின் மைக்ரோவேவ் அடுப்பின் கசிவும்கூட நடமாடுகின்றன. ஜிக்பீக்கு இப்பட்டையில் 11 முதல் 26 வரை எண்ணிடப்பட்ட 16 தடங்கள் உள்ளன. வைஃபை 1, 6, 11 ஆகிய தடங்களில் இயங்கும் வீட்டில், அவற்றின் இடைவெளியில் விழும் 15, 20 ஆகியவற்றையோ, அவற்றிற்கு அப்பால் உள்ள 25-ஐயோ தேர்ந்தால் இடையூறு மிகவும் குறையும். இந்தச் சிறு முயற்சியை மேற்கொள்ளாமல் ஜிக்பீயைப் பழிப்போர் உண்டு, அது நியாயமன்று.

வேகத்தில் ஜிக்பீ நொடிக்கு 250 கிலோபிட். இஸட்-வேவ் அதிக அளவாக 100 கிலோபிட். விளக்கை ஏற்றவும் அணைக்கவும் இவ்வேற்றுமையால் ஆவது ஒன்றுமில்லை. எக்ஸ்-10 நொடிக்கு 60 பிட் கொண்டு ஒரு தலைமுறைக்குப் பணிசெய்ததை நினைவிற் கொள்க. இஸட்-வேவ் வலையில் 232 சாதனங்கள் வரை இருக்கலாம். செய்தி நான்கு தாவல்கள் வரை செல்லும். ஒரு வீட்டிற்கு இது தாராளம். வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு நிறுவனங்கள் செய்த சாதனங்கள் ஒத்திசைவதில் இஸட்-வேவ் தொடக்கம் முதலே கண்டிப்பாக இருந்தது. 2017 முதல் சான்று பெறும் சாதனங்களில் எஸ்-2 என்னும் வலுவான பாதுகாப்பு முறை கட்டாயமாக்கப்பட்டது. ஜிக்பீயில் முன்னாளில் ஒரு நிறுவனத்தின் விளக்கு மற்றொன்றின் கட்டுப்பாட்டுக்கு அடங்காத குழப்பம் இருந்தது, ஜிக்பீ 3.0 வெளிவந்தபின் அது பெரிதும் தணிந்தது. விலையில் ஜிக்பீயே மலிவு.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. வலைப்பின்னலின் வலிமை அதன் கண்ணிகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. இஸட்-வேவ் சாதனம் ஜிக்பீச் செய்தியைக் கடத்தாது. ஜிக்பீ சாதனமும் அவ்வாறே. மின்கலத்தால் இயங்கும் உணரிகள் பெரும்பகுதி நேரம் உறங்குவதால், அவையும் பிறர் செய்தியைக் கடத்துவதில்லை. தள்ளுபடி கண்ட போதெல்லாம் இதில் இரண்டும் அதில் மூன்றுமாக வாங்கிச் சேர்ப்பவர் வீட்டில் இரு வலைகளும் நோஞ்சானாகவே இருக்கும். சுவரில் நிலையாகப் பொருத்தும் சுவிட்ச்களுக்கு ஒரே நெறிமுறையைத் தேர்ந்து, முதலில் அவற்றை வீடெங்கும் பரவலாகப் பொருத்தியபின் உணரிகளைச் சேர்த்தல் வேண்டும். எக்ஸ்-10 வீட்டை விரிவாக்கும் அமெரிக்க உரிமையாளர்க்கு, சுவிட்ச்களுக்கும் பூட்டுக்கும் இஸட்-வேவ் முறையையே நான் பரிந்துரைப்பேன்.

வைஃபை சாதனங்கள் வாங்க எளியவை. தனி நடுவண் கருவியும் வேண்டியதில்லை. ஆயினும் அவற்றுட் பல தொலைதூர சர்வரைக் கேளாமல் ஒரு விளக்கையும் ஏற்றுவதில்லை. மின்கலத்தால் நெடுநாள் இயங்க வேண்டிய உணரிகளுக்கும் வைஃபை ஏற்றதன்று. அது மின்னாற்றலை அதிகம் உண்பது.

ஐரோப்பாவில் 1990-களில் ஈ.ஐ.பி. என்னும் கம்பிவழி அமைப்பைப் பொருத்தியவர்களின் நிலை வேறு. அதன் வழித்தோன்றலான கே.என்.எக்ஸ் அதே முறுக்கிய இணைக்கம்பியில், அதே 9600 பிட் வேகத்தில் இயங்குவதால், பழைய சாதனமும் இன்றைய சாதனமும் ஒரே கம்பியில் ஒன்றுக்கொன்று பேசும். அவர்கள் வேறெதனையும் நாட வேண்டியதில்லை. ஆனால் கம்பி இல்லாத பழைய வீட்டில் அதற்காகச் சுவரை வெட்டுவது செலவு மிக்கது.

மேட்டர் என்னும் பெயரை இப்போது எங்கும் கேட்கிறோம். அமேசான், ஆப்பிள், கூகிள் ஆகியவை பிற நிறுவனங்களுடன் சேர்ந்து வகுத்த இதன் முதற்பதிப்பு 2022 அக்டோபரில் வெளிவந்தது. இது புதியதோர் அலையன்று என்பதை உணர்தல் வேண்டும். வைஃபை, ஈதர்நெட், அல்லது 802.15.4 தரத்தின்மீதே அமைந்த த்ரெட் என்னும் வலை ஆகியவற்றின்மேல் பேசப்படும் பொதுமொழி இது. வீட்டுக்குள்ளேயே, இணையத்தின் துணையின்றி, சாதனங்கள் உரையாட வேண்டும் என்பது அதன் அடிப்படைக் கொள்கை. பிற நெறிமுறைச் சாதனங்களை மேட்டர் மொழிக்கு மொழிபெயர்த்துக் காட்டும் 'பாலம்' என்ற ஏற்பாட்டையும் அது ஏற்றுக்கொள்கிறது. ஆகவே இன்று இஸட்-வேவ் அல்லது ஜிக்பீயில் இடும் பணம் நாளை வீணாகும் என்று அஞ்ச வேண்டியதில்லை.

பழையதையும் புதியதையும் சேர்த்து நடத்த வீட்டில் ஒரு சிறு கணினி போதும். எக்ஸ்-10 முறைக்குக் கணினியுடன் இணையும் சி.எம்.11ஏ என்னும் இடைமுகக் கருவி இருந்தது. பழைய அமைப்புகளுட் பலவற்றில் அது இன்றும் கிடக்கும். ஹெயூ என்னும் இலவச மென்பொருள் அதனை இயக்கும். ஹோம் அசிஸ்டென்ட் போன்ற திறந்த மூல மென்பொருள் ஹெயூவின் வழியே எக்ஸ்-10 விளக்குகளையும், தனித்தனி யூ.எஸ்.பி. வானொலிக் கருவிகளின் வழியே இஸட்-வேவ், ஜிக்பீ சாதனங்களையும் ஒரே பலகையில் காட்டும். நடைக்கூட உணரி புது வலையில் இருக்க, அது ஏற்றும் மேசை விளக்கு பழைய முறையிலேயே இருக்கலாம். மாற்றத்தை ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்ற கட்டாயம் இதனால் நீங்குகிறது. பூட்டும் அழைப்பு மணியும் முதலில். அடுத்து நடைக்கூடம், குளியலறை, மாடிப்படி. அலங்கார விளக்குகள் கடைசியில்.

விளக்கைப் பற்றியும் ஒரு சொல். எக்ஸ்-10 ஒளி குறைப்பான்கள் இழை விளக்கிற்காக அமைந்தவை. அவற்றில் எல்.இ.டி. விளக்கைப் பொருத்தினால், அணைத்த பின்னும் கசியும் சிறு மின்னோட்டத்தால் அது மங்கலாக ஒளிரலாம், சிமிட்டலாம். இதை நெறிமுறையின் கோளாறு என எண்ணி அலைவோர் உண்டு. எல்.இ.டி. விளக்குக்கு ஏற்ற, நியூட்ரல் கம்பி இணைக்கப்படும் புது சுவிட்சே இதற்குப் பரிகாரம்.

அயல்நாட்டிலுள்ள மக்கள் அனுப்பும் சாதனங்களைப் பெறும் நம் நாட்டு வாசகர்கள் இரண்டு செய்திகளைக் கவனித்தல் வேண்டும். 120 வோல்ட்டுக்கு அமைந்த எக்ஸ்-10 கருவியை நம் 230 வோல்ட் மின்சாரத்தில் செருகினால் அது அழிந்துபோகும், விபத்தும் நேரலாம். அமெரிக்க இஸட்-வேவ் சாதனத்தை மின்கலம் கொண்டு இயக்கினாலும் தவறே. அதன் 908.42 மெகாஹெர்ட்ஸ், நம் நாட்டில் கைப்பேசிகள் கோபுரத்தை நோக்கிப் பேசும் 890 முதல் 915 மெகாஹெர்ட்ஸ் பட்டைக்குள் விழுகிறது. இந்தியாவிற்கெனக் குறிக்கப்பட்ட இஸட்-வேவ் அதிர்வெண் 865.2 மெகாஹெர்ட்ஸ், அதனை மென்பொருளால் மட்டும் மாற்றிவிடலாம் என்று எண்ணிவிடலாகாது. அந்த அதிர்வெண்ணில் நம் கடைகளில் கிடைக்கும் வகைகள் குறைவாதலால், இங்குப் புதிதாகத் தொடங்குவோர்க்கு ஜிக்பீ அல்லது த்ரெட் வழியிலான மேட்டர் சாதனங்களே நடைமுறைக்கு ஒத்தவை. வாங்குமுன் மின்பணியாளரை அழைத்துச் சுவிட்சுப் பெட்டியைத் திறக்கச் சொல்லி, நியூட்ரல் கம்பி அங்கு வந்துள்ளதா என்று பார்த்துக்கொள்க. நம் பழைய வீடுகள் பலவற்றில் அது விசிறிக்கும் விளக்கிற்கும் நேரே சென்றுவிடும், பெட்டிக்கு வந்திராது.